பழைய டிவிக்குப் புதிய பிளேயர்: படம் தெளியுமா?

டிவி நன்றாகத்தான் ஓடுகிறது; படம் மட்டும் கொஞ்சம் மங்கல். டிவியை மாற்றக் கையில் பணமில்லை. பிளேயரை மட்டும் மாற்றினால் போதுமா? டெக் போய் விசிடி பிளேயர் வந்த நாளிலிருந்து டிவிடி, ப்ளூரே, இன்றைய எச்டிஎம்ஐ ஸ்டிக் வரைக்கும் நம் வீடுகளில் இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப எழுந்திருக்கிறது. கடைகளில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "படம் பளிங்கு மாதிரி இருக்கும்." சில வீடுகளில் அது பலித்தது. பல வீடுகளில் புதுப் பெட்டி வந்த பிறகும் படம் பழையபடியே இருந்தது. ஒரே பிளேயர், ஒரே விலை. ஒரு வீட்டில் பலன், இன்னொரு வீட்டில் ஏமாற்றம். இந்த வேறுபாட்டுக்குத் தெளிவான காரணங்கள் உண்டு. அவற்றைத் தெரிந்துகொண்டால், எந்த வீட்டில் பிளேயர் மாற்றம் பலிக்கும், எங்கே பலிக்காது என்பதைக் காசு கொடுப்பதற்கு முன்பே சொல்லிவிடலாம்.

ஒரு படம் நம் கண்ணுக்கு வந்துசேர நான்கு இடங்களைக் கடக்கிறது: டிஸ்க், பிளேயர், கேபிள், டிவி. ஏரி நிரம்பியிருந்தாலும், வழியில் எந்த மடை மிகக் குறுகலோ அதன் அளவுக்குத்தான் வயலில் நீர் பாயும். பிளேயர் அந்தக் குறுகலான இடமாக இருந்தால் அதை மாற்றியதும் பலன் தெரியும். பழைய டிவி இருக்கும் பெரும்பாலான வீடுகளில் குறுகல் கேபிளிலும் டிஸ்க்கிலும் இருக்கிறது; பிளேயரில் இருப்பது அரிது. இந்தக் கட்டுரை எட்டும் முடிவு இதுதான். அதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

டிவி எவ்வளவு வாங்கிக்கொள்ளும்?

இந்தியாவில் வண்ண ஒளிபரப்பு 1982-இல் தொடங்கியது. நாம் ஏற்றுக்கொண்டது பி.ஏ.எல். முறை. அதில் ஒரு படத்துக்கு 625 வரிகள். திரையில் படமாகத் தெரிவது அவற்றில் 576. வினாடிக்கு 25 படங்கள். ஒவ்வொரு படமும் இரண்டு பாதிகளாகப் போகும்: முதலில் ஒன்று விட்டு ஒரு வரி, அடுத்து விடுபட்ட வரிகள். இப்படி வரிகளைப் பின்னி அனுப்புவதை இடைப்பின்னல் முறை என்கிறோம். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இருந்த என்.டி.எஸ்.சி. முறையில் மொத்தம் 525 வரிகள். படத்துக்குச் சுமார் 480.

இந்த எண் பழைய டிவியின் தலைவிதி. 14 அங்குலமானாலும் 29 அங்குலமானாலும், நம் வீடுகளுக்கு வந்த சாதாரண பிக்சர் டியூப் டிவி வாங்கிக்கொள்வது அதே 576 வரிகளைத்தான். பெரிய டியூப் அந்த வரிகளைப் பெரிதாக்கிக் காட்டும். புதிதாக ஒரு வரியையும் சேர்க்காது. 2006-இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போன 14 அங்குலப் பெட்டிகளும் இந்த இனம்தான். இவற்றின் பின்புறத்தில் எந்தப் பிளேயரைச் செருகினாலும் 576 என்ற எல்லையைத் தாண்ட வழியில்லை.

அடுத்து வந்த தட்டைத் திரை டிவிகள் வேறு கணக்கு. 'எச்டி ரெடி' என்று விற்ற முதல் தலைமுறை எல்சிடிகளில் பெரும்பாலானவை 1366 புள்ளி அகலமும் 768 புள்ளி உயரமும் கொண்டவை. 'ஃபுல் எச்டி' என்றால் 1920-க்கு 1080. ஆகவே 'பழைய டிவி' என்ற ஒரே பெயருக்குள் மூன்று வேறு பொருள்கள் இருக்கின்றன: டியூப் டிவி, எச்டி ரெடி, ஃபுல் எச்டி. ஒருவர் 'புது பிளேயர் வாங்கினேன், அபாரம்' என்றும், மற்றவர் 'ஒன்றும் மாறவில்லை' என்றும் சொல்லும்போது, பெரும்பாலும் இருவரும் பேசுவது ஒரே டிவியைப் பற்றி அல்ல.

டிஸ்க்கில் என்ன இருக்கிறது?

1976-இல் ஜப்பானில் வெளிவந்த விஎச்எஸ் கேசட், ஒளியளவுச் சமிக்ஞைக்கு ஏறத்தாழ 3 மெகாஹெர்ட்ஸ் அகலமே தந்தது. கிடைமட்டத்தில் சுமார் 240 கோடுகள் வரைதான் பிரித்துக் காட்டும். நிறம் அதைவிடவும் பட்டையடித்தது போல் இருக்கும். 1993-இல் வரையறுக்கப்பட்ட விசிடியில் படம் 352-க்கு 288 புள்ளி, வினாடிக்கு 1150 கிலோபிட். 1996-இல் ஜப்பானில் அறிமுகமான டிவிடி 720-க்கு 576 புள்ளிகள் தந்தது, வினாடிக்கு 9.8 மெகாபிட் வரை படத்துக்கு ஒதுக்கலாம். 2006-இல் வந்த ப்ளூரே 1920-க்கு 1080. 40 மெகாபிட் வரை. 2016-இல் வந்த 4கே ப்ளூரே 3840-க்கு 2160.

இவை அட்டையில் அச்சிடும் எண்கள். டிஸ்க்கில் உண்மையாகப் பதிந்திருப்பது பல நேரம் இதைவிடக் குறைவு. நம் ஊர் அனுபவத்தில் இதுதான் மிக முக்கியமான செய்தி. ஒரே அடுக்கு கொண்ட டிவிடியின் கொள்ளளவு 4.7 கிகாபைட். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படம் ஒன்றை மட்டும் அதில் பதிந்தால், ஒலியும் சேர்த்து வினாடிக்குச் சுமார் 4.2 மெகாபிட் கிடைக்கும். மோசமில்லாத அளவு. அதே டிஸ்க்கில் மூன்று படங்களை அடைத்தால் ஒவ்வொன்றுக்கும் சுமார் 1.4 மெகாபிட். இது விசிடியின் அளவை ஒட்டி வந்துவிடுகிறது. ஆனால் டிவிடியின் முழு அளவில் பதிய வேண்டிய புள்ளிகளோ விசிடியைப் போல் நான்கு மடங்கு. விளைவு, வேகமான பாட்டுக் காட்சியில் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. அல்லது பதியும்போதே நுணுக்கத்தைக் குறைத்துப் பதிந்திருப்பார்கள். 'த்ரீ இன் ஒன்' டிவிடிகளைப் போட்டுப் பார்த்து, பிளேயர் சரியில்லை என்று முடிவு கட்டியவர்கள் பலர். அந்தத் தெளிவின்மை டிஸ்க்கில் பதிந்தே வந்தது. எவ்வளவு விலை உயர்ந்த பிளேயரும் அதை நீக்காது.

இன்னொன்று, சினிமாஸ்கோப். நம் படங்களில் பெரும்பாலானவை 2.35-க்கு 1 என்ற அகன்ற சட்டத்தில் எடுக்கப்பட்டவை. அகலத்திரைக்காக முறையாகப் பதிந்த டிவிடியில் அத்தகைய படத்துக்கு 576 வரிகளில் சுமார் 435 கிடைக்கும். மீதி மேலும் கீழும் கறுப்புப் பட்டை. பழைய 4:3 டிவிக்கென்று பட்டையோடு பதிந்துவிட்ட டிவிடியில் கிடைப்பது 327 வரிகள்தான். அதைத் தட்டைத் திரையில் ஜூம் செய்து பார்க்கும்போது, கேசட் காலத்துக்குத் திரும்பிவிட்டது போலத் தோன்றுவதில் வியப்பில்லை.

கேபிள்: கவனிக்கப்படாத குறுகல்

பிளேயரின் பின்புறம் எத்தனை துளைகள் இருந்தாலும் நம் வீடுகளில் பெரும்பாலும் பயன்பட்டது மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஏவி கேபிள்தான். சிவப்பும் வெள்ளையும் ஒலிக்கு. படம் முழுவதும் மஞ்சள் பின் வழியே போகிறது. ஒளியளவையும் நிறத்தையும் ஒரே கம்பியில் கலந்து அனுப்ப வேண்டியிருப்பதால், பி.ஏ.எல். முறையில் நிறத்தை 4.43 மெகாஹெர்ட்ஸ் அலையின் மேல் ஏற்றுகிறார்கள். டிவி அவற்றை மறுபடி பிரித்தாக வேண்டும். மலிவான டிவி அந்த அலைப்பகுதியை அப்படியே வடிகட்டி எறிந்துவிடும்; அதோடு படத்தின் மிக நுணுக்கமான பகுதியும் போய்விடும். வடிகட்டியில் தப்பியது தவறாக நிறமாகிறது. நெருக்கமான கோடு போட்ட சட்டையில் வானவில் போல ஓடும் நிறங்களும், எழுத்துகளின் ஓரத்தில் ஊரும் புள்ளிகளும் இதனால் வருபவை. டிவிடியில் அந்தக் குறைகள் இல்லை. மஞ்சள் கம்பி அவற்றைச் சேர்க்கிறது.

1987-இல் எஸ்-விஎச்எஸ் டெக்குகளோடு பரவிய எஸ்-வீடியோ இணைப்பு, ஒளியளவையும் நிறத்தையும் தனித்தனிக் கம்பியில் அனுப்பியது. அடுத்த படி காம்பொனென்ட்: பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று பின்கள். ஒளியளவு ஒன்றில், இரண்டு நிற வேறுபாடுகள் மற்ற இரண்டில். கலப்பதும் இல்லை, பிரிப்பதும் இல்லை. 2000-க்குப் பிறகு வந்த 21, 29 அங்குல ஃபிளாட் டியூப் டிவிகள் பலவற்றில் 'டிவிடி இன்' என்ற பெயரில் இந்த மூன்று துளைகளும் இருந்தன. பல வீடுகளில் கடைசி வரை அவை காலியாகவே கிடந்தன. ஐரோப்பாவில் நிலைமை வேறு. அங்கே 21 முனை கொண்ட ஸ்கார்ட் இணைப்பு பரவலாக இருந்ததால், சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாக அனுப்பும் வசதி சாதாரண வீட்டு டிவிக்கும் கிடைத்தது. அங்கே டிவிடியின் தெளிவு டியூப் டிவியிலேயே முழுமையாகத் தெரிந்தது.

டியூப் டிவி உள்ள வீட்டுக்கு மிகப் பெரிய மேம்பாடு மஞ்சள் பின்னிலிருந்து காம்பொனென்டுக்கு மாறுவதுதான். அதற்குப் புது பிளேயர் வேண்டியதில்லை. இருக்கும் டிவிடி பிளேயரிலேயே பெரும்பாலும் அந்தத் துளைகள் உண்டு. ஒரு கேபிளின் விலையில் முடிகிற காரியம். பச்சையை மட்டும் செருகினால் படம் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். நீலத்தையும் படத்துக்கான சிவப்பையும் சேர்த்தால் நிறம் வந்துவிடும். ஒலிக்கு வரும் சிவப்புப் பின் வேறு, படத்துக்கான சிவப்புப் பின் வேறு என்பதை நினைவில் வைத்தால் போதும்.

பிளேயரின் பங்கு எவ்வளவு?

டெக்கில் பிளேயரின் பங்கு பெரிது. டேப்பைத் தொட்டுப் படிக்கும் ஹெட் தேய்ந்தாலோ அழுக்கேறினாலோ படத்தில் புள்ளிமழை பொழியும், நிறம் வெளிறும். ஹெட்டைத் துடைத்தாலோ வேறு டெக்கில் போட்டாலோ படம் கண்முன்னே தெளியும். 'பிளேயர் பழசானால் படம் மங்கும்' என்ற நம்பிக்கை அந்தக் காலத்தில் உண்மையான அனுபவத்திலிருந்து பிறந்தது.

டிஜிட்டல் டிஸ்க்குக்கு இது பொருந்தாது. டிவிடி பிளேயரின் லேசர் பழசானால் படம் மெல்ல மெல்ல மங்காது. உறையும், தாவும், கட்டங்களாகச் சிதறும், அல்லது 'நோ டிஸ்க்' என்று சொல்லிவிடும். சரியாகப் படித்த டிஸ்க்கிலிருந்து எந்தப் பிளேயரும் எடுப்பது ஒரே தரவைத்தான். தாவுகிற, உறைகிற பிளேயரை மாற்றுவது நியாயம். தாவாமல் ஓடுகிற பிளேயரைத் தெளிவுக்காக மாற்றும்போது, அந்தத் தரவைப் படமாக்கும் வேலையில் மட்டுமே வேறுபாடு கிடைக்கும்.

அந்த வேலையில் சில உண்மையான வேறுபாடுகள் இருந்தன. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வந்த பல டிவிடி பிளேயர்களில் நிறத்தைக் கையாளும் முறையில் ஒரு பிழை இருந்தது. சிவப்பு எழுத்துகள், சிவப்பு உடைகள் ஆகியவற்றின் ஓரத்தில் படிக்கட்டு போலக் கோடுகள் தெரியும். பெரிய திரையில் கண்ணை உறுத்தும். 14 அங்குலத்தில் ஏவி கேபிள் வழியே பார்த்தால் கண்டுபிடிப்பதே கடினம். பிற்காலப் பிளேயர்களில் இது திருத்தப்பட்டது. அதே காலத்தில் டிஜிட்டலை அனலாக்காக மாற்றும் சில்லு 54 மெகாஹெர்ட்ஸா 108 மெகாஹெர்ட்ஸா, 10 பிட்டா 12 பிட்டா என்று விளம்பரங்கள் போட்டியிட்டன. மஞ்சள் கம்பியில் பாதி நுணுக்கத்தைத் தொலைத்துவிட்டு வரும் படத்தில் இந்த எண்களுக்கு வேலையே இல்லை.

பிளேயரின் உண்மையான திறமை தெரியும் இடம் தட்டைத் திரைதான். எல்சிடி வரிகளைப் பின்னிக் காட்டுவதில்லை. முழுப் படமாகவே காட்டும். ஆகவே இரண்டு பாதிகளையும் யாராவது ஒட்டியாக வேண்டும், 576-ஐ 768-க்கோ 1080-க்கோ விரித்தாக வேண்டும். பிளேயர் செய்யாவிட்டால் டிவி செய்யும். முதல் தலைமுறை எல்சிடிகள் இந்த வேலையில் பலவீனமானவை. கேமரா நகரும்போது கட்டட ஓரங்கள் சீப்புப் பல்லாகத் தெரியும். அப்படிப்பட்ட டிவிக்கு, படத்தை விரித்தே அனுப்பும் நல்ல அப்ஸ்கேலிங் டிவிடி பிளேயர் உதவியது உண்மை. ஆனால் அப்ஸ்கேலிங் இல்லாத நுணுக்கத்தைப் படைப்பதில்லை. டிஸ்க்கில் பதியாத இமைமுடியை எந்தச் சில்லும் வரைந்துவிடாது. இருக்கும் புள்ளிகளுக்கு இடையே மென்மையாக நிரப்பும், அவ்வளவே. அத்தகைய பிளேயர் வாங்கியவர்கள் கண்ட மேம்பாட்டில் பெரும்பங்கு, மஞ்சள் கேபிளை விட்டு எச்டிஎம்ஐ என்ற டிஜிட்டல் இணைப்புக்கு மாறியதால் வந்தது.

மாற்றங்களை ஒவ்வொன்றாக எடைபோட்டால்

டெக்கிலிருந்து விசிடிக்கு மாறியது கலவையான பலன். புள்ளிமழை போயிற்று, நிறம் நிலைத்தது, திரும்பத் திரும்பப் போட்டாலும் தேயவில்லை. பதிலுக்குக் கட்டங்கள் வந்தன; ஒரு படத்துக்கு நடுவே எழுந்து சிடி மாற்றவும் வேண்டியிருந்தது. நன்றாகப் பதிந்த கேசட்டை நல்ல டெக்கில் பார்த்தவர்களுக்கு இது முன்னேற்றமாகவே தோன்றவில்லை. அவர்கள் சொன்னதில் நியாயம் உண்டு.

விசிடியிலிருந்து டிவிடிக்கு மாறியது டியூப் டிவியின் வரலாற்றிலேயே மிகப் பெரிய தாவல். காரணம் எளிது: விசிடியின் 288 வரிகளுக்குப் பதிலாக, 576 வரியும் நிரம்பிய படம் 576 வரி டிவிக்குக் கிடைத்தது. மஞ்சள் கேபிளிலேயே வித்தியாசம் தெரிந்தது. காம்பொனென்டில் இன்னும் நன்றாகத் தெரிந்தது.

சாதாரண டிவிடி பிளேயரிலிருந்து, வரிகளைப் பின்னாமல் முழுப் படமாக அனுப்பும் 'புரோகிரெசிவ் ஸ்கேன்' டிவிடி பிளேயருக்கு மாறுவதால் டியூப் டிவிக்குப் பலன் எதுவும் இல்லை. சாதாரண பி.ஏ.எல். டிவி வினாடிக்கு 15,625 வரிகளை வரையக் கட்டப்பட்டது. புரோகிரெசிவ் சமிக்ஞை அதன் இரு மடங்கைக் கேட்கும். ரிமோட்டில் அந்தப் பொத்தானை அழுத்தியதும் படம் கோடுகளாகச் சிதறினால் பிளேயர் கெட்டுவிட்டது என்று பொருளில்லை. ஏவி கேபிளில் பார்த்து அந்த அமைப்பை அணைத்தால் படம் திரும்பிவிடும்.

டிவிடியிலிருந்து ப்ளூரேக்கு மாறும்போது டிவியைப் பொறுத்து விடை முற்றிலும் மாறுகிறது. எச்டி ரெடி டிவிக்கும் ஃபுல் எச்டி டிவிக்கும், எச்டிஎம்ஐ வழியே, நல்ல டிஸ்க்கோடு சேர்ந்தால், இது செலவுக்கு ஏற்ற மேம்பாடு. 768 புள்ளித் திரையால் 1080-ஐ முழுமையாகக் காட்ட முடியாவிட்டாலும், டிவிடி நிரப்பாத புள்ளிகளை ப்ளூரே நிரப்பிவிடுகிறது. டியூப் டிவிக்கோ இது வீண் செலவு. படம் மறுபடி 576-க்குச் சுருங்கித்தான் உள்ளே போகும். சுருக்குவதற்கு முன் மூலப்படம் நன்றாக இருந்ததால் கட்டங்களும் அழுக்கும் சற்றுக் குறையும். அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

அந்தச் சிறு பலனையும் விதிமுறைகள் பறித்துவிட்டன. ப்ளூரேயின் நகல் காப்பைக் கவனிக்கும் ஏஏசிஎஸ் உரிம விதிகளின்படி, 2011 முதல் தயாராகும் பிளேயர்கள் காப்பிட்ட டிஸ்க்குகளை அனலாக் வழியில் சாதாரண டிவி தரத்தில் மட்டுமே அனுப்பலாம். 2013 முடிந்த பிறகு தயாராகுபவற்றில் அனலாக் படவெளியீடே கூடாது. ஆகவே இன்று வாங்கும் ப்ளூரே பிளேயரில் மஞ்சள் பின் செருகத் துளை பெரும்பாலும் இருக்காது. நடுவே எச்டிஎம்ஐயை ஏவியாக மாற்றும் சிறு பெட்டியை வாங்க வேண்டும். அது எல்லாவற்றையும் மறுபடி மஞ்சள் கம்பியில் கலந்து அனுப்பும். பல நேரம் அகலப்படத்தை 4:3-க்குள் நெருக்கி ஆட்களை ஒல்லியாக்கியும் காட்டும். பழைய டிவிடி பிளேயர் காம்பொனென்ட் வழியே தந்த படத்தைவிட, புது ப்ளூரே பிளேயர் மாற்றுப்பெட்டி வழியே தரும் படம் தாழ்ந்துபோவது இப்படித்தான். பணம் செலவழித்துப் படத்தைக் கெடுத்துக்கொள்ளும் இந்த நிலை யாருக்கும் வரக் கூடாது.

எச்டிஎம்ஐ ஸ்டிக்கை மாற்றுப்பெட்டியோடு டியூப் டிவியில் இணைப்பவர்களுக்கும் இதே கணக்குதான். அவர்களுக்குக் கிடைப்பது தெளிவு அல்ல. யூடியூபும் புதிய படங்களும் பழைய பாட்டுகளும் அந்தத் திரைக்கு வருகின்றன. வீட்டில் முடங்கிய ஒரு முதியவருக்கு அது பெரிய விஷயம். அதற்காக வாங்குவது தகும். தெளிவுக்காக வாங்குவது தகாது.

ஃபுல் எச்டி டிவிக்கு 4கே பிளேயர் வாங்குவது கடைசிப் படி. பிளேயர் படத்தை 1080-க்குச் சுருக்கி அனுப்பும். சாதாரண ப்ளூரேயில் நிறத்தின் நுணுக்கம் ஒளியளவில் பாதி அகலம், பாதி உயரம்தான். 4கேயிலிருந்து சுருக்கும்போது நிறமும் முழு 1080 அளவுக்கு வரும் என்பதால் கொள்கையளவில் சிறு ஆதாயம் உண்டு. ஆனால் 4கே டிஸ்க்குகளில் பெரும்பாலானவை எச்டிஆர் என்ற கூடுதல் பிரகாச முறையில் பதிந்தவை. பழைய டிவி அதை அறியாது. பிளேயர்தான் அதைச் சாதாரண பிரகாசத்துக்கு இறக்க வேண்டும். அந்த மொழிபெயர்ப்பில் படம் இருண்டுவிடுவதும் வெளிறிவிடுவதும் உண்டு. அதே படத்தின் சாதாரண ப்ளூரே அந்த டிவியில் பெரும்பாலும் சரியாகத் தெரியும்.

கண்ணும் தூரமும்

நான்கு இடங்களையும் கடந்து வந்த படத்துக்குக் கடைசி எல்லை நம் கண். இயல்பான பார்வை, ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு அளவு வரை இரு புள்ளிகளைப் பிரித்தறியும் என்பது கண் மருத்துவர்கள் கொள்ளும் அளவு. அதை வைத்துக் கணக்குப் போடலாம். 14 அங்குல டியூபில் படத்தின் உயரம் சுமார் 20 சென்டிமீட்டர். அதில் 576 வரிகளைப் பிரித்தறிய 1.2 மீட்டருக்குள் உட்கார வேண்டும். விசிடியின் 288 வரிகளுக்கே எல்லை 2.4 மீட்டர். கூடத்தின் மறுகோடியில் பாய் விரித்துப் படம் பார்க்கும் குடும்பத்துக்கு, அந்தத் திரையில் விசிடிக்கும் டிவிடிக்கும் வரி எண்ணிக்கையால் வரும் வேறுபாடு தெரியாது; கட்டங்கள் உடையாமல் இருப்பதும் நிறம் சுத்தமாக இருப்பதும்தான் தெரியும்.

21 அங்குல டியூபில் டிவிடியின் வரிகளுக்கு எல்லை சுமார் 1.8 மீட்டர், விசிடிக்கு 3.6 மீட்டர். சாதாரணமாக நாம் உட்காரும் இரண்டரை மீட்டர் இவற்றுக்கு நடுவே விழுகிறது. டிவிடியின் தாவல் 21 அங்குலத்தில் அத்தனை பெரிதாகத் தெரிந்ததற்கும், அதற்கு மேல் வந்தவை தெரியாமல் போனதற்கும் இந்தக் கணக்கே விளக்கம். 32 அங்குல ஃபுல் எச்டி திரையில் 1080 புள்ளிகளையும் பிரித்தறிய 1.3 மீட்டருக்குள் வர வேண்டும். இரண்டரை மீட்டரில் இருந்து பார்ப்பவருக்கு ப்ளூரேயின் முழுப் பலன் கிடைக்காது. ஆனால் 327 வரியில் பட்டையோடு பதிந்த டிவிடியின் குறை அங்கிருந்தும் தெரியும். தூரத்தைக் குறைப்பதும் ஒரு மேம்பாடுதான். அதற்குச் செலவும் இல்லை.

மேம்பட்டது போலத் தோன்றுவது

புது பிளேயர் வாங்கியதும் படம் நன்றாகிவிட்டது என்று சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. அவர்கள் கண்ட மாற்றம் உண்மை. காரணம்தான் வேறாக இருக்கலாம். பல தட்டைத் திரை டிவிகள் ஒவ்வொரு இணைப்புக்கும் நிறம், பிரகாசம், கூர்மை ஆகியவற்றைத் தனித்தனியாக நினைவில் வைத்துக்கொள்ளும். புது பிளேயரை வேறு துளையில் செருகினால், அங்கே பெட்டியிலிருந்து வந்தபோது இருந்த பளபளப்பான அமைப்பு ஓடும். எச்டிஎம்ஐயில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் 16 முதல் 235 வரை என்று ஒரு அளவும், 0 முதல் 255 வரை என்று ஒரு அளவும் உண்டு. பிளேயர் ஒன்றைச் சொல்லி டிவி மற்றதாக எடுத்துக்கொண்டால், படம் வெளிறும், அல்லது கறுப்பெல்லாம் ஒன்றாகி அழுத்தமாகத் தெரியும். அந்த அழுத்தத்தைச் சிலர் தெளிவு என்று எண்ணிவிடுகிறார்கள். இருட்டுக் காட்சியில் முகங்கள் காணாமல் போவது பிறகுதான் தெரியும்.

ஆகவே ஒப்பிடுவதானால் முறையாக ஒப்பிட வேண்டும். அதே டிஸ்க், அதே காட்சி, டிவியில் அதே துளை, அதே அமைப்பு. பிளேயரை மட்டும் மாற்றி, வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்தே பார்க்க வேண்டும். பாட்டுக் காட்சியை விட, கூட்டத்தின் மீது கேமரா மெல்ல நகரும் காட்சியும், இருட்டில் இருவர் பேசும் காட்சியும், டைட்டில் எழுத்துகளும் உண்மையைச் சொல்லும்.

செலவில்லாமல் முதலில் செய்ய வேண்டியவை

பிளேயரின் செட்டப் பட்டியலில் 'டிவி டைப்' என்ற இடத்தில் டியூப் டிவிக்கு 4:3 லெட்டர்பாக்ஸ், தட்டைத் திரைக்கு 16:9 என்று இருக்கிறதா பார்க்க வேண்டும். தட்டைத் திரை வீட்டில் 4:3 என்றே விட்டுவைத்திருந்தால் அகலப்படத்தின் வரிகளில் கால் பங்கு அங்கேயே போகிறது. 'டிவி சிஸ்டம்' என்.டி.எஸ்.சி.யில் நின்றிருந்தால், பி.ஏ.எல். டிஸ்க்கின் 576 வரிகள் 480 ஆகக் குறைந்து வரும். டிவி இரண்டையும் ஏற்குமானால் 'ஆட்டோ' என்று வைக்கலாம்.

ஃபுல் எச்டி டிவிகளில் ஓரங்களைச் சற்று வெட்டிப் பெரிதாக்கிக் காட்டும் பழக்கம் டியூப் காலத்திலிருந்து ஒட்டிக்கொண்டது. 'ஸ்கிரீன் ஃபிட்', 'ஜஸ்ட் ஸ்கேன்' போன்ற பெயரில் இருக்கும் அமைப்பைப் போட்டால் ஒவ்வொரு புள்ளியும் அதனதன் இடத்தில் விழும். 'ஷார்ப்னெஸ்' அளவைக் கூட்டுவதைவிடக் குறைப்பதே நல்லது. அது ஓரங்களைச் சுற்றி வெள்ளைக் கோடு போடுகிறதே தவிர நுணுக்கத்தைச் சேர்ப்பதில்லை. இவ்வளவும் செய்த பிறகு கேபிளை மாற்றிப் பார்க்கலாம். அதற்கும் பிறகுதான் பிளேயரைப் பற்றி யோசிக்க வேண்டும்.

முடிவு

டியூப் டிவி வைத்திருப்பவர் ஓடுகிற டிவிடி பிளேயரை மாற்ற வேண்டாம். காம்பொனென்ட் துளை இருந்தால் அந்தக் கேபிளை வாங்கட்டும். ஒரு டிஸ்க்கில் ஒரே படம் பதிந்த டிவிடியைத் தேடட்டும். அந்த டிவி தரக்கூடியதில் உச்சம் அதுவே. எச்டி ரெடி அல்லது ஃபுல் எச்டி டிவியில் இன்னும் மஞ்சள் பின் வழியே படம் பார்ப்பவர், எச்டிஎம்ஐ உள்ள எந்த எளிய பிளேயருக்கு மாறினாலும் பலன் பெறுவார். திரை பெரிதாக இருந்து, அருகே அமர்ந்து பார்ப்பவரானால் ப்ளூரே வாங்கலாம். ஃபுல் எச்டி டிவிக்கு 4கே பிளேயர், டிவியை விரைவில் மாற்றப் போகிறவருக்கு மட்டுமே பொருளுள்ள செலவு.

புதுப் பெட்டி வேண்டாம் என்று சொல்வது என் நோக்கமல்ல. மாதச் சம்பளத்தில் ஒதுக்கிச் சேர்த்த பணத்தில் வாங்கும் பொருள் சொன்னபடி பலன் தர வேண்டும் என்பதே நோக்கம். ஓடுகிற டிவியையும் பிளேயரையும் தூக்கி எறிவது குப்பையையும் கூட்டுகிறது. பழைய பிக்சர் டியூபின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, அதைக் கண்ட இடத்தில் உடைத்துப் போடக் கூடாது. கடைக்குக் கிளம்புமுன் டிவியின் பின்புறத்தைத் திருப்பி, அங்கே என்னென்ன துளைகள் இருக்கின்றன, அவற்றில் எது பயன்பாட்டில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிளேயரை மாற்றினால் படம் தெளியுமா என்ற கேள்விக்குப் பெரும்பாலும் அந்தக் குறிப்பிலேயே பதில் இருக்கும்.